கையெழுத்துக்கு முன் மீட்டர்

தான் வெளியிடும் கரியமில வாயுவைக் குறைத்து, மிஞ்சியதையும் ஈடுகட்டுவதாக ஒரு கட்டடம் தரும் நிகரச் சுழிய உறுதிமொழி எவ்வளவு தேறும் என்று பார்க்க, முதலில் கேட்க வேண்டியது இதுதான்: யாருடைய மின்கட்டணம் அதில் அடங்கியிருக்கிறது?

கோலாலம்பூர் அலுவலகக் கோபுரங்கள் பலவற்றில் கட்டடம் முழுவதற்கும் குளிர்நீர் தரும் சில்லர் இயந்திரம், மின்தூக்கி, நடைபாதை விளக்கு, தண்ணீர் பம்பு எல்லாம் கட்டட உரிமையாளரின் பில்லில் வரும். வாடகைக்கு இருக்கும் நிறுவனங்களின் விளக்கு, கணினி, சர்வர் அறை ஆகியவை அவரவர் பெயரில் தெனாகா மின் நிறுவனத்தில் திறந்த தனிக் கணக்கில் ஓடும். உரிமையாளர் தன் பில்லை மட்டும் வைத்து "2030-க்குள் சுழியம்" என்று அறிவித்தால், கட்டடத்துக்குள் செலவாகும் மின்சாரத்தில் பெரிய பங்கு கணக்கிலேயே ஏறாது. உலகப் பசுமைக் கட்டட மன்றம் 2018-இல் தொடங்கிய உறுதிமொழியும் நிறுவனத்தின் நேரடிக் கட்டுப்பாட்டில் உள்ள கட்டடங்களைப் பற்றித்தான் பேசுகிறது. 2021-இல் அதைத் திருத்தி, புதுக் கட்டடங்களின் சிமெண்டிலும் எஃகிலும் அடங்கிய கார்பனையும், குளிரூட்டும் வாயுவையும் உள்ளே கொண்டுவந்தார்கள். தன்விருப்பத்தில் எடுக்கும் உறுதிமொழி என்பதால் மீறினால் அபராதம் கிடையாது. அதனாலேயே வாசகம் துல்லியமாக இருக்க வேண்டும்: எந்த முகவரி, எந்தத் தளங்கள், எந்த மீட்டர்கள், எந்த வாயுக்கள், எந்த ஆண்டோடு ஒப்பீடு. இந்த ஐந்தும் எழுத்தில் இல்லாத உறுதிமொழியில் யாரும் கையெழுத்திட வேண்டாம் என்பதே என் கருத்து.

ஒப்பீட்டு ஆண்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. 2020-இலும் 2021-இலும் கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் கட்டடங்கள் பாதி காலியாகக் கிடந்தன. அந்த ஆண்டுகளை அடிப்படையாக வைத்தால் பிறகு எவ்வளவு உழைத்தாலும் எண் ஏறியே தெரியும். காலியிடம் வழக்கமான அளவில் இருந்த ஆண்டாகப் பார்த்து, பன்னிரண்டு மாத பில்லையும் அடுக்கி, மொத்த யூனிட்டைத் தளப்பரப்பால் வகுக்க வேண்டும். நம் ஊர் அலுவலகங்கள் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 200 முதல் 250 யூனிட் வரை செலவழிப்பது சாதாரணம். புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடம் 85 யூனிட் என்ற இலக்கில் வடிவமைக்கப்பட்டது. வெப்பமண்டலத்தில் குறைக்கவே முடியாது என்று சொல்பவர்களுக்கு அதுவே பதில்.

2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள மலேசியாவின் எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம், 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள அலுவலகக் கட்டடங்கள் சதுர மீட்டருக்கு இத்தனை யூனிட் என்ற இந்த எண்ணைக் கணக்கிட்டு முத்திரை பெறக் கோருகிறது. கார்பன் சுழியத்தை அது கேட்கவில்லை. ஆனால் அதற்காகத் திரட்டும் தரவையே உறுதிமொழிக்கும் அடித்தளமாக்கலாம், இரட்டை வேலை மிச்சம்.

கட்டடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக மாட்டும் துணை மீட்டர்களில் வழக்கமாக நடக்கும் தவறுகள் இரண்டு. பெரிய மின்னோட்டத்தை மீட்டர் தாங்கும் அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் மின்னோட்ட மாற்றி 400-க்கு 5 என்றால் அளவீட்டை 80-ஆல் பெருக்க வேண்டும். அட்டவணையில் யாரோ பெருக்க மறந்திருப்பார்கள். அல்லது மூன்று மாற்றிகளில் ஒன்று திருப்பி மாட்டப்பட்டு, மீட்டர் மூன்றில் ஒரு பங்கையே காட்டிக்கொண்டிருக்கும். துணை மீட்டர்களின் கூட்டுத்தொகைக்கும் தெனாகா பில்லுக்கும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சார்ஜ்மேனை (உரிமம் பெற்ற மின்பணியாளரை) அழைத்து ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். இது முடியும் வரை அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

கற்பனையாக 20,000 சதுர மீட்டர் கோபுரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 220 யூனிட் என்றால் ஆண்டுக்கு 44 லட்சம் யூனிட். தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.77 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, ஏனென்றால் நம் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலும் எரிவாயுவிலும் இருந்து வருகிறது. ஆக ஏறக்குறைய 3,390 டன். கூரையில் சூரியத் தகடு போட்டால் போதாதா என்று கேட்பார்கள். கோபுரத்தின் மொட்டைமாடி 1,200 சதுர மீட்டர் என்றாலும் சில்லரின் சூட்டை வெளியேற்றும் கூலிங் டவர், தண்ணீர்த் தொட்டி, மின்தூக்கி அறை போக 600 மிஞ்சும். ஒரு கிலோவாட் தகட்டுக்கு 5 சதுர மீட்டர் வீதம் 120 கிலோவாட். கோலாலம்பூர் வானத்தில் ஒரு கிலோவாட் ஆண்டுக்கு 1,250 யூனிட் அளவில் தரும். மொத்தம் 1.5 லட்சம் யூனிட், தேவையில் நூற்றுக்கு மூன்றரைகூட இல்லை. சதுர மீட்டருக்கு 140 யூனிட்டாகச் செலவைக் குறைத்தாலோ 16 லட்சம் யூனிட் மிச்சம். வேலை கூரையில் இல்லை, சில்லர் அறையில் இருக்கிறது.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது குளிர்நீர் போகும்போதும் திரும்பும்போதும் உள்ள வெப்பநிலை வித்தியாசம். வடிவமைப்பில் 5.5 டிகிரி இருக்கும்; பல கட்டடங்களில் 3 டிகிரிதான் வருகிறது. அப்படியென்றால் தேவைக்கு ஏறக்குறைய இரு மடங்கு தண்ணீர் வீணாகச் சுற்றுகிறது. அந்த ஓட்டத்தைத் தர இன்னொரு பம்பைப் போட வேண்டிவரும், அதற்குத் துணையாக இன்னொரு சில்லரும் ஓட ஆரம்பிக்கும். காரணம் பெரும்பாலும் காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் இயந்திரத்தின் காயிலில் (குளிர்நீர் ஓடும் குழாய்ச் சுருளில்) அப்பிய தூசி, அல்லது மூடினாலும் கசியும் வால்வு, அல்லது காயிலுக்குப் போகாத தண்ணீரைத் திருப்பிவிடும் பழைய மூவழி வால்வு. காயிலைக் கழுவுவது முதலில். செலவு மிகக் குறைவு. பிறகு தேவைக்கேற்ப ஓட்டத்தைக் குறைக்கும் இருவழி வால்வு, அதற்குப் பின் பம்புக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. இந்த வரிசை மாறக் கூடாது. மூவழி வால்வை அப்படியே விட்டுவிட்டுக் கருவியை மட்டும் வாங்கினால் பம்பு மெதுவாக ஓட வழியே இருக்காது, போட்ட பணம் தூங்கும். சரியாகச் செய்தால் வேகத்தை நூற்றுக்கு எண்பதாக இறக்கும்போது பம்பின் மின்செலவு ஏறத்தாழ பாதியாகிவிடும்.

கூலிங் டவர் அடுத்தது. நம் ஊரில் ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஆவியாதலால் தண்ணீர் குளிரக்கூடிய எல்லை, 27 டிகிரியை ஒட்டி நிற்கும். டவரிலிருந்து 29, 30 டிகிரியில் தண்ணீர் வந்தால் நல்லது. 32-ஐத் தாண்டினால் உள்ளே நிரப்புப் பலகை பாசியால் அடைத்திருக்கும், இல்லாவிட்டால் விசிறிப் பட்டை தளர்ந்திருக்கும். சில்லர் தன் சூட்டைக் கைவிடும் கண்டென்சர் குழாயில் சுண்ணாம்புப் படிவு ஏறினால் சில்லர் முக்கி முனகி அதே குளிரைத் தரும், யூனிட் மட்டும் ஏறும்.

இரவுச் சுமையைப் பலர் கவனிப்பதே இல்லை. பதினெட்டாம் மாடியில் ஒரு நிறுவனத்தின் சர்வர் அறைக்காக 500 டன் குளிர்த்திறன் கொண்ட சில்லர் விடியும்வரை ஓடும். அந்த அறைக்குத் தனியாகச் சிறிய குளிரூட்டி பொருத்துவதுதான் தீர்வு. விலை அதிகமாகத் தெரியலாம். சில்லர் இரவெல்லாம் அணைந்திருக்கும் ஒரு மாத பில்லைப் பார்த்தால் புரியும்.

ஆர்வத்தில் குளிர்நீர் வெப்பநிலையை ஏற்றிவிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு டிகிரிக்கும் சில்லரின் செலவு நூற்றுக்கு இரண்டு மூன்று குறையும் என்பது உண்மை. ஆனால் 9 டிகிரியைத் தாண்டினால் காயில் காற்றின் ஈரத்தைப் போதிய அளவு பிழிந்தெடுக்காது. அறை 24 டிகிரியாகவே இருக்கும், ஆனாலும் கம்பளத்தின் அடியில் பூஞ்சை பிடிக்கும், ஊழியர்கள் புழுக்கம் என்று புகார் செய்வார்கள், பராமரிப்புக்காரர் பழையபடி 6 டிகிரிக்குத் திருப்பிவிடுவார். கழிப்பறை வெளியேற்று விசிறிகள் உள்ளே வரும் புதுக்காற்றைவிட அதிகம் இழுத்தாலும் இதே கதைதான். முகப்புக் கதவு திறக்கும்போதெல்லாம் தெருவின் ஈரக்காற்று உள்ளே பாயும். முதலில் காற்றோட்டத்தைச் சமன் செய்துவிட்டு, வாரத்துக்கு அரை டிகிரி வீதம் ஏற்றி, ஈரப்பதம் நூற்றுக்கு எழுபதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளிரூட்டும் வாயுக் கசிவை உறுதிமொழிகளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. 500 டன் சில்லரில் ஏறக்குறைய 500 கிலோ ஆர்-134ஏ வாயு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் வெப்பமேற்றும் திறன் கரியமில வாயுவைப் போல் 1,430 மடங்கு. ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து கசிந்தால் 25 கிலோ, அதாவது 36 டன் கரியமில வாயுவுக்குச் சமம். பழைய ஏர்கோன்களில் உள்ள ஆர்-410ஏ 2,088 மடங்கு, புதியவற்றின் ஆர்-32 675 மடங்கு. ஒவ்வொரு முறை வாயு நிரப்பும்போதும் சிலிண்டரை எடைபோட்டு எத்தனை கிலோ ஏறியது என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பேடு இல்லாத கட்டடம் சுழியம் என்று சொல்ல உரிமை இல்லாதது.

ஜெனரேட்டர் டீசலுக்கு லிட்டருக்கு 2.7 கிலோ கரியமில வாயு, தரைத்தள உணவகத்தின் 14 கிலோ எரிவாயுத் தோம்புக்குச் சுமார் 42 கிலோ என்று கணக்கில் சேர்த்தால் போதும். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வாழையிலைக் கடைகள் நிறைந்த கட்டடமானால் இந்தக் கணக்கு சிறியதாக இருக்காது.

இவ்வளவும் செய்தபின் மிஞ்சுவதற்குத்தான் பசுமை மின்சாரமும், ஒரு யூனிட் பசுமை வழியில் உற்பத்தியானது என்று காட்டி விற்கப்படும் சான்றிதழும். கூரைத் தகட்டின் சான்றிதழை விற்றுவிட்டு அதே யூனிட்டைத் தன் கணக்கிலும் கழிப்பது இரட்டைக் கணக்கு. பல ஆண்டுகளுக்கு முன் கட்டிய நீர்மின் அணையின் சான்றிதழை வாங்குவதால் புதிதாக ஒரு யூனிட்கூட உற்பத்தியாகாது. சான்றிதழுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட வேண்டும்.

கொண்டோமினிய நிர்வாகக் குழுக்களும் இதில் இறங்கலாம், பொதுப்பகுதிக்கு மட்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு. கார் நிறுத்துமிடத்தின் பழைய 36 வாட் குழல்விளக்கு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பேலஸ்டோடு சேர்த்து 44 வாட் இழுக்கும். எல்இடி 16 வாட். நாள் முழுக்க எரிந்தால் விளக்கு ஒன்றுக்கு ஆண்டில் 245 யூனிட் மிச்சம், 400 விளக்குக்கு 98,000. பேலஸ்டைக் கழற்றாமல் குழலை மட்டும் மாற்றினால் பேலஸ்ட் தொடர்ந்து மின்சாரம் இழுக்கும், பிறகு பழுதாகவும் கூடும். ஒருமுனை, இருமுனை மின்னிணைப்புக் குழல்களை ஒரே தளத்தில் கலந்து மாட்டினால் அடுத்துக் கழற்றுபவரின் உயிருக்கே ஆபத்து. அவசரப் படிக்கட்டு விளக்கை நடமாட்ட உணரியில் முழுக்க அணையும்படி வைக்கக் கூடாது.

பினாங்கில் கணக்கு வேறு திசையில் போகிறது. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் சுவரும் கூரையும் ஏற்கெனவே நிற்கின்றன. இடித்துக் கட்டாமல் இருப்பதே பெரிய சேமிப்பு. அங்கே நடக்கும் கெடுதல், நடுவிலுள்ள காற்றுமுற்றத்தைப் பாலிகார்பனேட் தகட்டால் மூடுவது. மேலே ஏறிய சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கும், பிறகு ஒவ்வொரு அறைக்கும் ஏர்கோன். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசினால் தரையிலிருந்து ஏறும் ஈரம் உள்ளேயே சிக்கி, அறை எப்போதும் நமுத்துக் கிடக்கும். அதை உலர்த்தவும் ஏர்கோன்தான். முற்றத்தைத் திறந்து, சுண்ணாம்பையே திரும்பப் பூசி, ஓட்டின் அடியில் வெப்பத்தடுப்பு விரித்தால் பகலில் விசிறி போதுமான அறைகள் பல கிடைக்கும்.

கடைசியாக, வாடகை ஒப்பந்தம். இங்கே அலுவலக வாடகை பெரும்பாலும் மூன்று ஆண்டுக்கு எழுதப்படுகிறது. அதில் நான்கு நிபந்தனைகள் சேர வேண்டும்: மாத மின்யூனிட்டை உரிமையாளரோடு பகிர்வது, அறை வெப்பநிலை 24-க்குக் கீழே இறங்காதது, உள் அலங்காரத்தின்போது விளக்குச் சுமைக்குச் சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்ற உச்சவரம்பு, சேமிப்புக்காக உரிமையாளர் போடும் முதலீட்டை இருவரும் எப்படிப் பங்கிடுவது. உரிமையாளர் பணம் போட, குறைந்த பில்லின் பலன் முழுவதும் வாடகைக்காரருக்குப் போனால் யாரும் முதல் போட மாட்டார்கள். ஒரு புதுப்பிப்பில் இவை விட்டுப்போனால் அந்தத் தளத்துக்கு அடுத்த வாய்ப்பு மூன்று ஆண்டு கழித்தே வரும். 2030-க்கு முன் அப்படி எத்தனை வாய்ப்பு மிஞ்சும் என்பதை ஒவ்வொரு தளத்துக்கும் தனியாகக் குறித்துவைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.