பரனூர் தாண்டும் வரை: என் பேனிக் அட்டாக்கும் பத்து நாள் மௌனமும்

2022 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பெருங்களத்தூரில் ஏறி, செங்கல்பட்டு மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருஷமாகப் போய்வரும் வண்டிதான். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும் நெஞ்சு திடீரென்று படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது. மூச்சை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன், போதவே இல்லை. "செத்துப்போகப் போறேன், சாயங்காலம் பசங்க ஸ்கூல்லேருந்து வந்தா கதவு பூட்டியிருக்குமே" என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. பரனூரில் இறங்கி நடைமேடை பெஞ்சில் படுத்துவிட்டேன். முகம் தெரியாத ஒரு அம்மா தன் வண்டியையும் விட்டுவிட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

மருத்துவமனையில் இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எக்கோ பார்த்தார்கள். எல்லாம் நார்மல். "டென்ஷனைக் குறைச்சுக்கோங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஒரு மாதத்தில் அதே மாதிரி மூன்று முறை வந்தது. மூன்று முறையும் ஆட்டோ பிடித்து இசிஜி எடுக்க ஓடினேன். நார்மல் என்று சொல்லும்போது சந்தோஷமாக இருக்க வேண்டும் இல்லையா? எனக்கு அழுகைதான் வந்தது. இவ்வளவு பெரிய வேதனைக்கு ஒரு பெயர்கூட இல்லையே என்று.

அப்புறம் நான் செய்ததுதான் பெரிய தப்பு. ரயிலை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனேன். பஸ்ஸிலும் வந்ததால் வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுபோய் விட்டார். பிறகு லிஃப்ட் வேண்டாம், கல்யாண மண்டபம் வேண்டாம், தனியாகக் குளிக்கப் போனால் தாழ்ப்பாள் வேண்டாம். பயம் வந்த இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்ததில் கடைசியில் வீடு மட்டும்தான் மிஞ்சியது.

அத்தை கண்திருஷ்டி என்றார். தினமும் சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். மந்திரித்த எலுமிச்சம்பழம் ஒன்றைக் கைப்பையில் வைத்துவிட்டார். இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவர் என் உச்சந்தலையில் கை வைத்து "முருகா, எம் பொண்ணைக் காப்பாத்து" என்று விபூதி பூசும் அந்த ஒரு நிமிடம் நிஜமாகவே உள்ளே ஏதோ அடங்கும். ஆனால் ஒரு நாள் அந்த எலுமிச்சம்பழத்தை மறந்துவிட்டுத் தெருமுனை வரை போனவள், நினைவு வந்ததும் வியர்த்துக் கொட்டி ஓடிவந்துவிட்டேன். அன்றைக்குத்தான் நிலைமை கைமீறிப் போய்விட்டது என்று புரிந்தது.

தைராய்டு சோதித்த டாக்டர்தான் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். சீட்டை மடித்துப் பையில் வைத்து இரண்டு வாரம் அலைந்தேன். "அங்க போனா பைத்தியம்னு முத்திரை குத்திடுவாங்க" என்று அம்மா திண்டிவனத்திலிருந்து போனில் அழுதார். கடைசியில் வீட்டுக்காரர்தான் ஒரு சனிக்கிழமை கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

அந்த மருத்துவர் நாற்பது நிமிடம் கேட்டார். முதல் முறையாக இதற்கு ஒரு பெயர் சொன்னார்: பேனிக் டிஸார்டர், ஆபத்தே இல்லாதபோதும் திடீர் திடீரென்று பெரும் பயம் வந்து தாக்குகிற கோளாறு. "வீட்டுக்கு நாய் வேணும்மா. திருடனைப் பார்த்தா குரைக்கணும். உங்க நாய் நல்ல நாய்தான், ஆனா தபால்காரரைப் பார்த்தும் குரைக்குது" என்றார். ஆபத்து என்று மூளை நினைத்ததும் இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு வேகமாகிறது. அளவுக்கு மீறி மூச்சுவிடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைகிறது. விரல் மரப்பதும் உதட்டில் எறும்பு ஊர்வதும் தலை சுற்றுவதும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கும். மூச்சு போதவில்லை என்று நான் இன்னும் இன்னும் இழுத்ததுதான் தீயில் எண்ணெய் ஊற்றியிருக்கிறது.

எஸ்சிடலோபிராம் என்ற மாத்திரை எழுதிக்கொடுத்தார். முதல் வாரம் 5 மில்லிகிராம், பிறகு 10. (பெயரைப் பார்த்து யாரும் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.) முதல் பத்து நாள் குமட்டலும், வழக்கத்தைவிடக் கூடுதல் படபடப்பும் இருந்தன. இது வரும், தாண்டிவிடும், வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் விடாமல் சாப்பிட்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் மூன்றாவது நாளே குப்பைத்தொட்டிதான்.

அவரே ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் அனுப்பினார். வாரம் ஒரு முறை, மொத்தம் பன்னிரண்டு அமர்வுகள். காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக சிபிடி, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்குகிற பேச்சுச் சிகிச்சை. கவுன்சிலிங் என்றால் மனசில் உள்ளதைக் கொட்டி அழுவது, அவர் ஆறுதல் சொல்வது என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பெண் நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தார். எங்கே வந்தது, உடம்பு என்ன செய்தது, மனசு என்ன சொன்னது, அதை நூற்றுக்கு எவ்வளவு நம்பினேன் என்று நான்கு கட்டம். "ஹார்ட் அட்டாக்" என்று எழுதி, பக்கத்தில் 95 போட்டேன்.

நான்காவது அமர்வை மறக்கவே முடியாது. மேஜைமேல் இளநீர்க் கடையில் தருகிற சாதாரண ஸ்ட்ரா ஒன்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக மட்டும் இரண்டு நிமிடம் மூச்சுவிட வேண்டும். பயத்தால் வருகிற அதே உடம்பு உணர்வை, பயமில்லாத இடத்தில் நாமே வரவழைத்துப் பார்ப்பதுதான் பயிற்சி. முப்பது விநாடியிலேயே ஸ்ட்ராவைத் துப்பிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தானும் ஒரு ஸ்ட்ராவை எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். இரண்டு பேருமாகச் செய்தோம். நெஞ்சு அடைத்தது, காது சூடானது, ரயிலில் வந்த அதே உணர்வு. இரண்டு நிமிடம் முடிந்தது. நான் உயிரோடு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சுழலும் நாற்காலியில் ஒரு நிமிடம், மாடிப்படியில் ஏறி இறங்கி ஓட்டம். வீட்டிலும் தினமும் செய்யச் சொன்னார்.

அவரிடம் ஒரு நாள் பெருமையாகச் சொன்னேன்: "பயம் வந்தா முருகா முருகான்னு 108 தடவை சொல்றேன் மேடம், போயிடுது." அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சொல்லாட்டி என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. எலுமிச்சம்பழம்தான் ஞாபகம் வந்தது. கைப்பையில் பழம், பர்ஸில் அவசரத்துக்கு ஒரு மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில், வாயில் முருகன். நாலும் எனக்கு ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. "ஜபம் பண்ணுங்க, நல்லது. ஆனா காலையில அமைதியா உக்காந்து, அவருக்காகப் பண்ணுங்க. பயத்தை விரட்டுற தடியா அவரை வெச்சுக்காதீங்க" என்றார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள்கூட பக்தியைப் பற்றி இவ்வளவு சரியாக எனக்குச் சொன்னதில்லை.

ரயில் பயிற்சியைப் படிப்படியாகச் செய்தோம். முதல் நாள் வீட்டுக்காரரோடு பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர் வரை, ஒரே ஒரு ஸ்டேஷன். பிறகு தனியாக ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. பொத்தேரிக்கு மட்டும் மூன்று முறை போனேன், இரண்டு முறை பாதியில் இறங்கிவிட்டேன். 2023 பிப்ரவரியில் மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு, பரனூரைத் தாண்டிச் செங்கல்பட்டு வரை போய் இறங்கினேன். அந்த பெஞ்சைக் கடக்கும்போது கண் கலங்கியது. மருந்தை மருத்துவர் 2024 தொடக்கத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். நன்றாக இருக்கிறதே என்று நானாக நிறுத்தவில்லை.

இப்போது விபஸ்ஸனா பற்றி, அதாவது பத்து நாள் மௌனமாகத் தங்கிக் கற்கிற தியானம் பற்றி. சிகிச்சையின் நடுவிலேயே போக ஆசைப்பட்டு, திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது மையத்துக்கு விண்ணப்பித்தேன். மனநலப் பிரச்சினை உண்டா, என்ன மருந்து என்று படிவத்திலேயே கேட்கிறார்கள். மறைக்காமல் எழுதினேன். பொறுமையாகப் போனில் விசாரித்து, சிகிச்சை முடிந்து நிலையான பிறகு வாருங்கள் என்றார்கள். அன்றைக்கு மனசு சுருங்கிவிட்டது. இப்போது அவர்களுக்கு நன்றி சொல்கிறேன். பத்து நாள் பேச்சில்லாமல், போனில்லாமல், தினமும் பத்து மணி நேரம் நம் மனசோடு மட்டும் இருப்பது அலை அடிக்கும்போது செய்யும் காரியமில்லை.

2024 டிசம்பரில், மருத்துவரின் சம்மதத்தோடு போனேன். கட்டணம் கிடையாது. முடிந்தபின் விருப்பப்பட்டால் நன்கொடை தரலாம். விடிகாலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள், இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணையும். 11 மணிக்கு மதிய உணவு, சாயங்காலம் 5 மணிக்குப் பழமும் டீயும், அதற்கு மேல் எதுவும் இல்லை. பசி ஒரு பிரச்சினையாகவே இல்லை. ஜபம், மந்திரம், பூஜை எல்லாவற்றையும் அந்தப் பத்து நாளுக்கு நிறுத்தி வைக்கச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் மூன்று நாள் மூக்கின் அடியில் மூச்சு வந்துபோவதை மட்டும் கவனிக்க வேண்டும். அதை மாற்றக் கூடாது. மூச்சுக்குப் பயந்தே இரண்டு வருஷம் வாழ்ந்தவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நான்காம் நாள் விபஸ்ஸனா தொடங்கியது. உச்சந்தலையிலிருந்து பாதம் வரை உடம்பின் ஒவ்வொரு பகுதியிலும் என்ன உணர்வு இருக்கிறதோ அதை அப்படியே பார்த்துக்கொண்டு போவது. நல்லது என்று பிடித்துக்கொள்ளவும் கூடாது, கெட்டது என்று தள்ளவும் கூடாது. அதன்பிறகு தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் கண் திறக்காமல், கை கால் அசைக்காமல் உட்கார வேண்டும்.

ஐந்தாம் நாள் மதியம் இரண்டரை மணி அமர்வில் அது வந்தது. இடது விரல் நுனியில் மரப்பு, உதட்டில் எறும்பு, நெஞ்சில் படபடப்பு. எழுந்து ஓடினால் யாரும் தடுக்க மாட்டார்கள், கதவு பத்தடி தூரம். ஆனால் ஸ்ட்ரா ஞாபகம் வந்தது. எதிரே மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்தப் பெண் ஞாபகம் வந்தார். சரி, பார்ப்போம் என்று விரல் நுனியிலேயே கவனத்தை வைத்தேன். கிட்டத்தில் பார்த்தபோது அந்த மரப்பு ஒரே கட்டியாக இல்லை. சின்னச் சின்னத் துடிப்பாக, ஒன்று வந்து ஒன்று போய்க்கொண்டிருந்தது. வியர்வை கழுத்தில் ஒரு கோடாக இறங்கி ரவிக்கைக்குள் போவதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடங்கியது. முதல் முறையாக நான் எதையும் விரட்டாமலே அடங்கியது.

அங்கே கேட்ட சொற்பொழிவு ஒன்றில், இந்தத் தியானத்தைப் பரப்பிய கோயங்காஜியின் கதை வந்தது. பர்மாவின் மண்டலேயில் 1924இல் பிறந்த வியாபாரி. தாங்க முடியாத ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர். 1955இல் ரங்கூனில் தியான குரு சயாஜி ஊ பா கின் அவர்களிடம் தலைவலி தீர வேண்டும் என்று போய் நின்றபோது, அதற்காக வந்தால் சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம் குரு. மனத்தூய்மைக்காக வா, உடம்பு தானாகச் சரியானால் ஆகட்டும் என்று. "விரட்டுற தடியா வெச்சுக்காதீங்க" என்று சைக்காலஜிஸ்ட் சொன்னது அப்படியே காதில் கேட்டது. இருட்டில் சத்தம் வராமல் அழுதேன்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் இதயம், தைராய்டு எல்லாம் சோதித்துவிடுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள், கூடவே சிபிடி தெரிந்தவரைத் தேடுங்கள். யாரிடம் போவது என்றே தெரியவில்லை என்றால் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். கோயிலுக்குப் போகிறவர்கள் அதை நிறுத்த வேண்டாம். கோயிலைக் காட்டி மருந்தை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

எனக்கு அது முழுசாகப் போய்விடவில்லை. போன மாதம்கூட, மறைமலை நகர் தாண்டியதும் நெஞ்சு படபடத்தது. கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, உக்காருறீங்களா?" என்று கேட்டாள். பரவாயில்லம்மா என்றேன். உள்ளங்கையில் கம்பி வழுக்கியது, காது சூடானது. சிங்கப்பெருமாள் கோவில் வந்தது, பரனூர் வந்தது. செங்கல்பட்டில் இறங்கும்போது அந்தப் பெண்ணின் புத்தகப் பை என் கையில் இருந்தது, கூட்டத்தில் பிடிக்க முடியாமல் என்னிடம் கொடுத்திருந்தாள்.