கேட்டுச் சொல்கிறோம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பில், பேச்சுப் பயிற்சியாளராக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஊனமுற்ற பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கும் எங்கள் சிறப்புக் கல்வி டைரக்டர் ஓய்வு பெற்றார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல் குழுவில் என்னையும் போட்டார்கள். மொத்தம் ஏழு பேர். ஆறு பேர் டிஸ்ட்ரிக்டில் சம்பளம் வாங்குகிறவர்கள். ஏழாவது ஆள் ஒரு அம்மா. நகரப் பேருந்து ஓட்டுகிறவர், மகனுக்குப் பதினோரு வயது, இன்னும் பேச்சு வரவில்லை.

அவர் வந்தது எனக்கு உவப்பாக இல்லை. மகன் கதையையே பேசி நேரத்தைக் கொன்றுவிடுவார் என்று நினைத்தேன். அவரோ கையில் இருந்த தடித்த ஃபைலைத் திறக்கவே இல்லை.

இப்படிப்பட்ட பிள்ளையின் கல்வித் திட்டத்தில் பெற்றோருக்கு இடம் தந்தது 1975இல் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம். அதற்கு முன் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஊனமுற்ற பிள்ளைகளைப் பள்ளிகள் சேர்த்துக்கொள்ளவே இல்லை. இன்று ஐ.இ.பி. என்கிற தனிக் கல்வித் திட்டத்தை எழுதும் கூட்டத்தில் பெற்றோரும் ஓர் உறுப்பினர். மாசசூசெட்ஸில் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் சிறப்புக் கல்விப் பெற்றோர் ஆலோசனைக் குழு இருந்தாக வேண்டும் என்பதும் சட்டம். ஆனால் அது ஆலோசனைதான். டைரக்டர் யார் என்று முடிவெடுப்பது அவர்கள் கையில் இல்லை. எங்கள் நேர்காணல் குழுவும் பரிந்துரைக்கத்தான் முடியும்.

மனிதவளத் துறை பத்துக் கேள்விகளை அச்சடித்துத் தந்திருந்தது. எல்லோரிடமும் அதே கேள்விகள், ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். கடைசியில் வந்த ஒவ்வொருவரிடமும் அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "என் மகனின் கூட்டத்துக்கு நீங்கள் அனுப்பும் ஆளால் அங்கேயே 'சரி, செய்கிறோம்' என்று சொல்ல முடியுமா? இல்லை, உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்பாரா?"

எனக்குச் சுருக்கென்றது. டிஸ்ட்ரிக்டின் செலவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரமுள்ள ஒருவர் அந்தக் கூட்டத்தில் உட்கார வேண்டும் என்பது விதி. ஆனாலும் கூடுதல் உதவியாளர் என்றாலோ, வெளியே தனிப் பள்ளிக்கு அனுப்புவது என்றாலோ, "டைரக்டரிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்பதே எங்கள் வழக்கம். நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்டுவிட்டுத் திரும்பச் சொல்ல மறந்ததும் உண்டு.

முதலில் வந்தவர் நடைமுறை, வெளிப்படைத்தன்மை என்று அழகாகப் பேசினார். இரண்டாமவர் கொஞ்சம் யோசித்தார். "இப்போது நான் இருக்கும் இடத்தில் பணம் என்றால் என்னிடம்தான் வர வேண்டும். அது தப்பு என்று தெரியும். இன்னும் மாற்றவில்லை" என்றார். அந்த அம்மா தலையசைத்தார். இதற்கு மதிப்பெண் போடத் தாளில் கட்டம் இல்லை. நான் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தேன். போகும்போது தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

முதலாமவரையே நியமித்தார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்த வருடம் அந்த அம்மாவுடைய மகனின் ஐ.இ.பி. கூட்டத்தில் நானும் இருந்தேன். பையனுக்குப் பதிலாகப் பேசும் கருவியை அவனுக்குப் பழக்க இன்னொரு உதவியாளர் வேண்டும் என்று நான்தான் எழுதியிருந்தேன். கூட்டத்தை நடத்தியவர், "கேட்டுச் சொல்கிறோம்" என்றார். அந்த அம்மா ஃபைலைத் திறந்து, ஒரு தாளில் தேதியைப் போட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டார்.