பஸ் நேரம் எழுதிப் பிழைக்க முடியுமா?

அப்பா சேலம்–ஏற்காடு தடத்தில் அரசு பஸ் ஓட்டியவர். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே குரங்குகள் உட்கார்ந்திருக்கும், எங்கே எதிரே வரும் வண்டி கடைசி நொடி வரை கண்ணில் படாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 2016இல் நான் வலைப்பூ தொடங்கியபோது முதலில் எழுதியது ஒரு கவிதை. அதைப் படித்தது என் தோழி ஒருத்தி மட்டும். இரண்டாவதாக எழுதியது அப்பா சொல்லச் சொல்ல நான் தட்டிய பஸ் நேரப் பட்டியல். மலைக்கு முதல் வண்டி எப்போது, கடைசி வண்டி எப்போது இறங்கும், குப்பனூர் வழியாகச் சுற்றிப் போவது எது, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை இதுவரை பத்து லட்சம் தடவைக்கு மேல் திறந்திருக்கிறார்கள். அதனால் எனக்கு வந்த பணத்தை மொத்தமாகக் கூட்டினால் ஒரு நல்ல ஃபிரிட்ஜ் வாங்கலாம்.

வலைப்பூவை வைத்து முழுநேரமாகப் பிழைக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது "எத்தனை பேர் படிக்கிறாங்க?" என்றுதான். நானும் நாலு வருஷம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். சம்பளம் 24,000. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் நானும் டூவீலரில் அடிவாரம் தாண்டி மேலே போவோம். பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில், கிளியூர் அருவி என்று எல்லோரும் போகிற இடங்களை முதல் வருஷமே எழுதித் தீர்த்துவிட்டேன். அப்புறம் கொட்டச்சேடு, நாகலூர் என்று உள்ளே போகத் தொடங்கினோம். வருமானம் என்ற பேச்சே இல்லை. அந்த நாளில் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரங்கள் தமிழ்ப் பக்கங்களுக்குக் கிடையாது. 2018 பிப்ரவரியில்தான் தமிழைச் சேர்த்தார்கள். அன்றே விண்ணப்பித்தேன்.

பத்து டாலர் சேர்ந்ததும் நம் முகவரி உண்மைதானா என்று பார்க்க ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். கன்னங்குறிச்சியில் எங்கள் வீதிக்கு அது வந்து சேர மூன்று முறை கேட்டு வாங்க வேண்டியிருந்தது. நூறு டாலர் ஆனால்தான் பணம் தருவார்கள். எனக்கு அந்த நூறு சேரப் பதினோரு மாதம் ஆயிற்று. சுமார் ஏழாயிரம் ரூபாய். வங்கியில் இருந்தவர் "வெளிநாட்டுல யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை, விளம்பரப் பணம் என்றேன். "என்ன விளம்பரம்?" என்றார். பஸ் நேரம் எழுதியதற்கு என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், சுற்றுலாத் துறை சம்பந்தப்பட்டது என்று சொல்லி வைத்தேன். ஏதோ பெரிய அதிகாரி என்று நினைத்திருப்பார்.

2019 கோடையில் நிலைமை மாறியது. ஏற்காட்டுக்கு மே மாதம்தான் தீபாவளி. கோடை விழா, மலர்க் கண்காட்சி, சேர்வராயன் கோயில் திருவிழா எல்லாம் அந்த மாதத்தில்தான் வரும். என் பக்கம் வழியாக அறை பதிவு செய்தவர்களுக்காகக் கிடைத்த கமிஷனையும் விளம்பரப் பணத்தையும் சேர்த்து ஏப்ரலில் 19,000, மேயில் 27,000, ஜூனில் 22,000 வந்தது. சம்பளத்தைத் தொட்டுவிட்டோம் என்று ஜூன் கடைசியில் வேலையை விட்டேன்.

பேரேடு எழுதிச் சம்பளம் வாங்கியவள் செய்கிற காரியமா இது? மாம்பழக் கடைக்காரர்கூட மே மாத வியாபாரத்தைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்க மாட்டார். ஜூலையில் 9,000. ஆகஸ்டில் 7,500. மழை பிடித்ததும் இன்னும் கீழே போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் மட்டும், "ஏறின கியர்லயே எறங்கணும் கண்ணு, நியூட்ரல் போட்டா வண்டி நம்ம பேச்சக் கேக்காது" என்றார். மலைப்பாதையைத்தான் சொன்னார் என்று இன்றும் சாதிக்கிறார்.

பொங்கல் விடுமுறையில் கொஞ்சம் தலைதூக்கி, இந்தக் கோடையில் சரிக்கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்தபோது 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. சுற்றுலா எழுதிப் பிழைப்பவளுக்கு ஏப்ரல், மே இரண்டும் பூஜ்யம். பஸ்ஸே ஓடாதபோது பஸ் நேரத்தை யார் தேடுவார்கள்? பழைய ஆபீசில் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். இருப்பவர்களுக்கே அங்கே பாதிச் சம்பளம்தான்.

அந்த மே மாதத்தில்தான் நாகலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் போன் செய்தார். சில்வர் ஓக் நிழலில் நாலு ஏக்கர் காபி, அந்த மரங்களிலேயே ஏற்றிவிட்ட மிளகுக்கொடி, இவ்வளவுதான் அவர் சொத்து. முந்தைய ஜனவரியில் அவர் தோட்டத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை சிவந்த பழமாகப் பார்த்துப் பறிப்பது, இயந்திரத்தில் தோலை உரிப்பது, வழவழப்பு போகப் புளிக்க வைத்துக் கழுவுவது, களத்தில் காயப்போடுவது என்று ஒவ்வொரு வேலையாக. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்த காபி இன்று நாலு ஏக்கர்க்காரர் வீட்டுக் களத்தில் எப்படிக் காய்கிறது என்பதுதான் கட்டுரை. மாதம் இருநூறு முந்நூறு பேர் படித்தால் அதிகம். நானே மறந்துவிட்டேன்.

"ஏம்மா, நீ எழுதுனதப் பாத்துட்டு எட்டுப் பேரு கூப்புட்டாங்க. தூளா அனுப்ப முடியுமாங்கறாங்க. எனக்கு உள்தோலோட, பார்ச்மென்ட்டா மூட்டையில போட்டுத்தான் பழக்கம். நீ அனுப்பறயா?"

எட்டுப் பேர். ஆயிரம் பேர் வந்து போனால் இருபதிலிருந்து முப்பது ரூபாய் வரும் என்று கணக்கு வைத்திருந்தவளுக்கு எட்டுப் பேர் என்பது இருபது பைசா. அதனால் முதலில் முடியாது என்றுதான் சொன்னேன். சும்மாதானே இருக்கிறோம் என்று இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கூப்பிட்டேன். தோலுரித்த கொட்டையில் பத்துக் கிலோ வாங்கி, செவ்வாய்பேட்டையில் தெரிந்தவர் ஒருவரிடம் வறுத்து அரைத்து, கூரியர் நடக்கத் தொடங்கியதும் கால் கிலோப் பொட்டலங்களாக அனுப்பினோம். எட்டு இருபதானது. அந்த மாதம் கையில் நின்றது 2,300 ரூபாய். பஸ் நேரப் பக்கம் அதைக் கொடுக்க ஏறக்குறைய ஒரு லட்சம் பேரைக் கூட்டிவர வேண்டும்.

பஸ் நேரம் பார்க்க வருபவருக்கு நேரம் தெரிந்ததும் வேலை முடிந்தது. என் பெயர்கூட அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. காபிக்கொட்டை களத்தில் எத்தனை நாள் காய வேண்டும் என்பதைக் கடைசி வரி வரை படிப்பவர் வேறு ஆள். அவர் ஏற்கெனவே காபிக்குச் செலவு செய்பவர். நான்கு வருஷமாகக் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்த நான் அன்றைக்குத்தான் எந்தக் கட்டுரைக்கு யார் போன் செய்கிறார்கள் என்று நோட்டில் எழுதத் தொடங்கினேன்.

வியாபாரம் என்று வந்ததும் எழுத்து பாதி, மீதி ஓட்டம். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு வேண்டும். அப்போது விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தால் வருஷம் நூறு ரூபாயோடு முடிந்தது. ஜிஎஸ்டிதான் எதிர்பாராதது. எழுத்து, விளம்பரம் போன்ற சேவைகளுக்கு 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்று நிம்மதியாக இருந்தேன். பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு செல்லாது, பெங்களூருக்கு ஒரு பாக்கெட் காபி அனுப்பினாலும் பதிவு வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னபோது என் பட்டியலில் பாதிப் பேர் பெங்களூரில் இருந்தார்கள். ஒரு மாதம் கடையைச் சாத்தி, பதிவு வாங்கிய பிறகு திறந்தேன்.

சிக்கரி விஷயத்தில் வேறு மாதிரி அடி. கலப்படம் இல்லாத காபி என்று பெருமையாகச் சிக்கரி சேர்க்காமல் அனுப்பினால், அம்மாபேட்டையிலிருந்து ஒரு அம்மா, "டிகாஷன் தண்ணியா எறங்குது, பழைய தூளான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். டிகாஷனுக்குக் கெட்டித்தன்மை கொடுப்பதே சிக்கரிதான் என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். கட்டுரையை நிறையப் பேர் பாராட்டிவிட்டு, எண்பதுக்கு இருபது கலந்தே அனுப்பச் சொன்னார்கள். இப்போது விற்பதில் முக்கால்வாசி அந்தக் கலவைதான்.

2022இல் நான் செய்த தப்பை எழுதாவிட்டால் இது முழுசாகாது. மேலே ஒரு விடுதி, தன்னைப் பற்றி எழுத எட்டாயிரம் கொடுத்தது. நான் அங்கே தங்கவில்லை. அவர்கள் அனுப்பிய படங்களை வைத்து, பணம் வாங்கியதைச் சொல்லாமல் எழுதினேன். விளம்பரம் என்றால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2021இலேயே நெறிமுறை வெளியிட்டிருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் வாங்கினேன். மூன்றாவது வாரம் ஒருவர் கூப்பிட்டார். இரண்டு வருஷமாக என்னிடம் காபி வாங்குபவர். "உங்க எழுத்த நம்பி அம்மாவக் கூட்டிட்டுப் போனேங்க. ராத்திரி சுடுதண்ணி இல்ல, போர்வை ஈரம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கட்டுரையை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதற்குப் பிறகு காபி வாங்கவில்லை. அவருடைய கடைசி ஆர்டர் தேதி இன்னும் நோட்டில் இருக்கிறது.

அந்தச் சூடு பட்டதால் 2024இல் கொஞ்சம் தெளிவாக இருந்தேன். மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. ஏற்காட்டுக்கும் வேண்டுமா என்று ஊரே தேடியது. வேண்டாம் என்று நாலு வரி எழுதினேன். பஸ் நேரத்தைக்கூட அது சில நாள் தோற்கடித்தது. பழைய நானாக இருந்தால் தலைகால் புரியாமல் ஆடியிருப்பேன். இந்த முறை அந்த நாலு வரிக்குக் கீழே, கூட்டம் இல்லாத நாளில் காபித் தோட்டம் பார்க்க வருகிறீர்களா என்று ஒரு வரி மட்டும் சேர்த்தேன். பதினோரு குடும்பங்கள் ஜூலையில் வந்தன. ஜூலையில் சொல்லிக்கொள்ளும்படி வருமானம் வந்தது அந்த வருஷம்தான் முதல் முறை.

டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. அந்த வார இறுதிக்கு என் மூலமாக, சுற்றுலா வருபவர்களைத் தங்கவைக்கும் ஆறு வீடுகளில் முன்பதிவு இருந்தது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வர வேண்டாம் என்றேன். வீட்டுக்காரர்களில் ஒருவருக்குக் கோபம். "குப்பனூர் பக்கமா வரச் சொல்லலாமில்ல?" என்றார். அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். இரண்டு நிமிஷம் பேசினார். அப்புறம் வீட்டுக்காரர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடந்த வருஷக் கணக்கில் மாதச் சராசரி 58,000. காபியும் மிளகும் பாதிக்கு மேல், தோட்டம் பார்க்க வருபவர்களாலும் தங்கும் வீடுகளாலும் முப்பது சதவீதம்போல. விளம்பரம் எட்டாயிரம், ஒன்பதாயிரம். தேடுபொறி தன் கணக்கை மாற்றும்போதெல்லாம் அந்த எட்டாயிரம் நாலாயிரமாகும், மறுபடி ஏறும். அதைப் பார்த்து இப்போதெல்லாம் தூக்கம் கெடுவதில்லை.

பஸ் நேரப் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார். மாதத்தில் ஒரு நாள் போவார், பழைய சகாக்களுடன் டீயும் ஒரு தட்டுவடை செட்டும் முடித்துக்கொண்டு, டிக்கெட் பின்புறத்தில் எதையாவது குறித்துக்கொண்டு வருவார். போன வாரம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றாமலே என் மேஜையில் அதை வைத்தார்.

"சாயங்கால வண்டி ஒண்ண கால் மணி நேரம் தள்ளிட்டாங்க கண்ணு. மொதல்ல அத மாத்து, காபிப் பொட்டலம் அப்புறம் ஒட்டிக்கலாம்."