எரிந்த மலையில் மானாப்புல்
இலங்கை மலையகத்தில் ஹப்புத்தளைப் பக்கம் ஆவணியில் எரிந்த சரிவு, ஐப்பசி மழைக்கே பச்சை பிடித்துவிட்டது. முதலில் வந்தது மானாப்புல். கரிந்த தூருக்கு நடுவே விரல் நீளக் குருத்து. கசக்கி முகர்ந்தால் அதே எலுமிச்சை வாசம். வேர்க்கட்டு மண்ணுக்குள் இருப்பதால் தீ அதை ஒன்றும் செய்வதில்லை. நெல்லியும் அடிமரம் கருகி, மேலே தளிர்விட்டு நிற்கிறது. பார்க்கவே மனசு நிறைகிறது.

ஆனால் ஓடையோரச் சோலை திரும்பவில்லை. மரக்கன்றுகள் எல்லாம் செத்துவிட்டன. இனி அந்த இடத்தையும் மானாவே பிடிக்கும், அடுத்த கோடையில் காய்ந்து மறுபடி எரியும்.

மாட்டுக்கு இளம்புல் வேண்டுமென்று தீ வைக்கிற அண்ணன்மாரே, நம்ம லயத்து (தோட்ட வரிசை வீடுகளின்) பீலிக்கு, அதாவது தண்ணீர்க் குழாய்க்கு, தண்ணீர் அந்தச் சோலையிலிருந்துதான் வருகிறது. தயவுசெய்து வேண்டாம்.