சுவிட்ச் போட்டுப் பார்த்த லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த அனுபவம்

ஆன்லைனில் பார்த்த பக்கத்தில் ‘பேக்லிட் கீபோர்டு’ என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். வந்து சேர்ந்த லேப்டாப்பில் அது இல்லை. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. ரேம், திரை, பேட்டரி எல்லாம் சொன்னபடியே. ஆனால் நான் வேலை பார்ப்பது பெரும்பாலும் இரவில், வீட்டார் தூங்கும் அறையில். எழுத்துக்களுக்கு அடியில் விளக்கு எரியும் என்பதற்காகத்தான் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து அந்த மாடலை எடுத்தேன்.

திருப்பி அனுப்ப ஆப்பைத் திறந்தால் முதலில் காரணம் கேட்கும். அங்கேதான் நிதானம் வேண்டும். ‘பிடிக்கவில்லை’, ‘மனம் மாறிவிட்டது’ என்பதைத் தொட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பிடிக்காத பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நம் நாட்டுச் சட்டம் தரவில்லை. லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன், “14 நாளுக்குள்ள காரணமே சொல்ல வேண்டாமே, அனுப்பிட வேண்டியதுதானே” என்றான். அது பிரிட்டன் சட்டம். இங்கே 7 நாள், 10 நாள் என்று ஆப்பில் போடுவது நிறுவனங்கள் தாங்களாக வைத்துக்கொண்ட கொள்கை.

ஆனால் பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாமல் வந்தாலோ, விற்பனையாளர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது. 2020-இல் வந்த மின்னணு வணிக விதிகள் இதை நேரடியாகவே சொல்கின்றன. நான் ‘விவரத்தில் உள்ளபடி இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அதோடு விற்பனைப் பக்கம் முழுவதையும், தேதி தெரியும்படி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். நல்ல வேளை. சில நாள் கழித்துப் பார்த்தபோது ‘பேக்லிட்’ என்ற வார்த்தை அந்தப் பக்கத்தில் இல்லை!

கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. சாட்டில் வந்த பதில்: “சார், விண்டோஸ் ஆக்டிவேட் ஆகிவிட்டது. யூஸ் பண்ணிய பொருளை ரிட்டர்ன் எடுக்க முடியாது.” ஜவுளிக்கடையில் புடவையை விரித்துப் பார்க்காமல் யாராவது நிறை குறை சொல்வார்களா? சுவிட்ச் போடாமல் கீபோர்டில் விளக்கு எரியுமா எரியாதா என்று எப்படித் தெரியும்? கேட்டேன். அதே வரியைத் திரும்ப ஒட்டினார்கள். அப்புறம், கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் டிஓஏ சான்றிதழ் வாங்கி வந்தால் பார்க்கலாம் என்றார்கள். பெட்டியைத் திறக்கும்போதே வேலை செய்யாத பொருளுக்குத் தரும் சான்றிதழ் அது. என் லேப்டாப்தான் ஜம்மென்று ஓடுகிறதே, யார் தருவார்கள்?

இருந்தாலும் போனேன். கவுண்டரில் இருந்த தம்பி பொறுமையாகச் சோதித்துவிட்டு, “அண்ணே, மெஷின்ல ஒரு பிரச்சினையும் இல்லை. இந்த மாடலுக்கு லைட்டே கிடையாது. டிஓஏ போட முடியாது” என்றார். “பரவாயில்லை தம்பி, நீங்க இப்ப சொன்னதை அப்படியே ஜாப் ஷீட்ல எழுதிக் கொடுங்க” என்றேன். மாடல் எண், சீரியல் எண், ‘பழுது இல்லை, இந்த மாடலில் பேக்லிட் வசதி கிடையாது’ என்ற குறிப்பு, முத்திரை. விற்றவர் கேட்ட தாள் கிடைக்கவில்லை. ஆனால் விளம்பரம் பொய் என்பதைத் தயாரித்த கம்பெனியின் ஆட்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்த விவகாரத்தில் என்னிடம் இருந்த ஆதாரங்களிலேயே கனமானது அதுதான்.

அதற்குப் பிறகு சாட்டில் மல்லுக்கட்டவில்லை. ஒவ்வொரு ஆன்லைன் விற்பனைத் தளமும் ஒரு குறைதீர் அலுவலரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. பில், ஸ்கிரீன்ஷாட், ஜாப் ஷீட் மூன்றையும் இணைத்து ஒரே பக்கத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன். கோபத்தை அதில் கொட்டவில்லை. பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். பதில் வந்தது, வழக்கமான அச்சுப் பதில்.

சரி என்று 1915-க்குப் போன் போட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. இதற்கிடையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவையும் எழுதி வைத்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; விற்றவர் டெல்லியில் இருந்தாலும் கவலையில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். அடுத்து அங்கேதான் போவேன் என்று குறைதீர் அலுவலருக்கு ஒரு வரி எழுதினேன். 1915 புகார் வேலை செய்ததா, இந்த வரி வேலை செய்ததா என்று இன்றும் தெரியாது. பணம் தர ஒப்புக்கொண்டார்கள்.

லேப்டாப்பை எடுக்க ஆள் வருவதற்கு முன் என் கோப்புகளை எடுத்துக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து நீக்கி, முழுதாக ரீசெட் செய்தேன். சீரியல் எண் தெரிய, சார்ஜரோடு பெட்டியில் வைத்து ஒட்டுவது வரை வீடியோ எடுத்தேன். வந்தவர் பெட்டியைப் பார்க்காமலே ஓடிபி கேட்டார். “முதல்ல பிரிச்சுப் பாருங்க, எண்ணைச் சரிபாருங்க, அப்புறம் ஓடிபி” என்றேன். அவருக்கு இன்னும் பத்து வீடு பாக்கி, முகம் சுளித்தார். பாவம்தான். ஆனால் குடோனுக்குப் போன பிறகு ‘கீறல் இருக்கிறது, சார்ஜர் இல்லை’ என்று சொன்னால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

லேப்டாப்பை கிரெடிட் கார்டில் இஎம்ஐ, அதாவது மாதத் தவணை போட்டு வாங்கியிருந்தேன். பணம் கார்டுக்கு வந்தது, ஆனால் இஎம்ஐ தானாக நிற்கவில்லை. அடுத்த தவணையும் பில்லில் வந்தது. வங்கிக்குத் தனியாகப் போன் செய்து ரத்து செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. ‘வட்டியில்லா இஎம்ஐ’ என்கிறார்களே, அதிலும் வங்கி வட்டி போடுகிறது. அந்தத் தொகையைத் தள்ளுபடியாகக் கழிக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, தொடக்கத்தில் ஒரு செயலாக்கக் கட்டணம், அதற்கும் ஜிஎஸ்டி. இவை திரும்ப வரவில்லை. விற்றவரைக் கேட்டால் வங்கி என்கிறார், வங்கியைக் கேட்டால் விற்றவர் என்கிறது. சில நூறு ரூபாய்தான். இதற்கும் அதே மூன்று தாள்களை இணைத்து ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன்.