கட்டிங் கடைசியில்தான்

பதினோரு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். அப்புறம் அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கப் போனேன். இப்போது சொல்லிக்கொடுப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பெரியவர்களுக்கான தொழில் வகுப்புகளுக்கு ஆசிரியராக வருகிறவர்களில் நிறைய பேர் இந்த வழியில்தான் வருகிறார்கள். கையில் தொழில் இருக்கும். இருபது பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் மையத்தில் ஒரு சுற்றுக்கு ஐந்தாறு பயிற்சி ஆசிரியர்கள். அவர்களுக்குப் பயிற்றுநர் நான் ஒருவன்தான். நான் செய்வது சரியா என்று கேட்கக்கூட ஆளில்லை. தையல், எழுத்தறிவு, கணினி என்று வேறு வேறு வகுப்புகள் நடத்தும் இன்னும் மூன்று மையங்களிலும் இதே கதை. சேர்ந்து செய்தால் என்ன என்று பேச ஆரம்பித்தோம்.

முதல் வருடம் வீண். மாதம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு பவர்பாயின்ட். எங்கள் மையத்தில் எல்லாம் எவ்வளவு அழகாக நடக்கிறது பாருங்கள் என்று ஆளாளுக்குக் காட்டினோம். பொதுவாக ஒரு கூகுள் டிரைவ் திறந்து பாடக்குறிப்புகளைக் கொண்டுவந்து கொட்டினோம். போட்டவர்கள் உண்டு, எடுத்தவர் இல்லை. நானும் எடுக்கவில்லை.

கோளாறு டிரைவில் இல்லை. நான்கு மையங்களும் ஒரே மக்களிடமிருந்துதான் படிக்க ஆள் சேர்க்கின்றன. அங்கே சேர்க்கை கூடினால் இங்கே குறையும். ஒருவர் வகுப்பை இன்னொருவர் போய்ப் பார்க்கலாம் என்றதும், "எங்க ஆசிரியர் சொதப்புறதை அடுத்த மையத்துக்காரர் வந்து பார்க்கணுமா?" என்று ஒரு நிர்வாகி நேராகவே கேட்டார். அந்தப் பயம் நியாயமானதுதான். அதைக் கேட்காதது போல நடந்துகொண்டதுதான் எங்கள் தப்பு.

அதனால் ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதினோம். அந்த ஒரு பக்கத்துக்கு ஐந்து மாதம் ஆனது. வகுப்பைப் பார்க்க வருகிறவர் எழுதும் குறிப்பு, வகுப்பெடுத்தவர் கையில் மட்டுமே இருக்கும். நிர்வாகத்துக்குப் போகாது, பதவி உயர்வுக்கும் சம்பளத்துக்கும் அதைத் தொடக்கூடாது என்பதில் ஓரளவு சீக்கிரமே உடன்பாடு வந்தது. இழுத்தது இன்னொரு வரி: அடுத்த மையத்துக்குப் போய் வகுப்பு பார்க்கும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். இப்படி ஒன்றைத் தொடங்கப்போகிறவர்கள் என்னிடம் கேட்டால், வேறு எதை விட்டாலும் அந்த வரியை விடாதீர்கள் என்பேன். சொந்த நேரத்தில் செய் என்று சொல்லும் கூட்டமைப்பு, முதல் தேர்வு சீசன் வந்ததும் படுத்துவிடும்.

ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ஜப்பானியப் பள்ளிகளில் நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கும் முறையை எடுத்துக்கொண்டோம். 'ஜுக்யோ கென்கியூ' என்பார்கள், பாட ஆய்வு. சிலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் தயாரிப்பார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் ஆசிரியரை அல்ல, படிக்கிறவர்களைப் பார்த்து எழுதுவார்கள். அப்புறம் உட்கார்ந்து பேசித் திருத்துவார்கள்.

எங்கள் முதல் பாடம் பின்னம். பைப் வேலை கற்கும் பெரியவர்களுக்கு. 3/8 இன்ச் பெரிதா, 1/2 இன்ச் பெரிதா என்று கேட்டால் பாதிப் பேர் 3/8 என்றார்கள். மூன்றும் எட்டும் ஒன்றையும் இரண்டையும் விடப் பெரிய எண்கள் அல்லவா. காகிதப் பட்டையை மடித்துக் காட்டுவது என் யோசனை. ஐம்பதைத் தாண்டிய ஒருவர் பட்டையைத் தொடவே இல்லை. அவர் பக்கத்தில் இருந்த எழுத்தறிவு ஆசிரியை இரண்டே வரி எழுதியிருந்தார்: 'காகிதத்தைத் தள்ளி வைத்தார். பையிலிருந்து டேப்பை எடுத்து, நகத்தால் கோடுகளை எண்ணினார்.' பலகைப் பக்கம் திரும்பி நின்ற நான் அதைப் பார்க்கவே இல்லை. பெரியவர்கள் எதற்கு என்று தெரியாமல் கற்க மாட்டார்கள் என்று வயதுவந்தோர் கல்வி அறிஞர் மால்கம் நோல்ஸ் சொன்னதை நானே எத்தனை வகுப்பில் ஒப்பித்திருக்கிறேன்!

அடுத்த முறை காகிதம் இல்லை, டேப் மட்டும். ஓர் இன்ச்சில் பதினாறு கோடு. 3/8 வரை எண்ணினால் ஆறு, அரை வரை எட்டு. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எங்களை நிஜமாகவே திருப்பிப்போட்டது தையல் மைய அக்காவின் ஒரு பேச்சு. ஒரு கூட்டத்தில் ஜீன் லேவ் என்ற மானுடவியலாளர் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டியென் வெங்கருடன் சேர்ந்து 1991-ல் 'நடைமுறைச் சமூகம்' என்ற கருத்தை, அதாவது ஒரே வேலை செய்கிறவர்கள் சேர்ந்திருந்து ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதை, முன்வைத்தவர். அதற்கு முன் 1970-களில் லைபீரியாவில் தையற்காரர்களிடம் தொழில் கற்கும் பையன்களைக் கவனித்தவர். அந்தப் பையன்கள் உடை உருவாகும் வரிசைக்கு நேர் எதிராகக் கற்றார்கள்: முதலில் பட்டன், ஓரம் மடித்தல், அப்புறம் தையல், கடைசியில் வெட்டுதல்.

அக்கா சிரித்துவிட்டார். "இதுக்கு ஆராய்ச்சியா தம்பி? காஜா, பட்டன், ஹெம்மிங். கட்டிங் கடைசியிலதான். ஹெம்மிங் தப்பினா பிரிச்சுக்கலாம், வெட்டினது ஒட்டுமா?" கொஞ்சம் நிறுத்தி, "நீங்க உங்க ஆளுங்களுக்கு முதல் வாரமே கத்தரிக்கோலைக் கொடுத்துடுறீங்களே" என்றார்.

கத்தரிக்கோல் என்றால் பாடக்குறிப்பு. நாங்கள் எல்லோருமே பயிற்சியை அங்கிருந்துதான் தொடங்கிக்கொண்டிருந்தோம்: நோக்கம் எழுது, நேரம் பிரி, மதிப்பீடு எழுது. வகுப்பையே கண்டிராதவர் போடும் திட்டம், அளவெடுக்காமல் வெட்டின துணி.

வரிசையைத் திருப்பினோம். புதியவர் முதல் இரண்டு வாரம் பார்க்க மட்டும் செய்வார். அப்புறம் இன்னொருவர் நடத்தும் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் அவருடையது: இன்று என்ன செய்தோம், எங்கே சிக்கியது என்று கேட்பது. அது தவறினாலும் வகுப்பு கெடாது. பிறகு நடுவில் ஒரு செய்முறை. ஆறாவது வாரம்தான் பாடக்குறிப்பு. இதற்கு நிறைய வகுப்புகள் வேண்டும், ஒரு மையத்தால் முடியாது. நான்கு மையம் சேர்ந்ததற்கு ஒரு உருப்படியான காரணம் அன்றுதான் கிடைத்தது.

எல்லாம் சுபமில்லை. ஒரு மையம் நிர்வாகி மாறியதும் விலகிவிட்டது. மிச்சமுள்ள மூன்றுக்கும் கால அட்டவணை போடுகிறவருக்கு வாரம் அரை நாள் போகிறது; அந்த அரை நாளுக்காக ஒவ்வொரு வருடமும் சண்டை.

சான்றிதழ் தருகிறவர்கள் இன்னும் முதல் வாரத்திலேயே ஒரு முழுப் பாடக்குறிப்பு கேட்கிறார்கள். மறுப்பதில்லை. எழுதவைத்து ஃபைலில் போட்டுவிடுகிறோம். ஆறாவது வாரம் அதையே எடுத்து, எழுதியவர் கையில் பேனாவோடு கொடுக்கிறோம். பெரும்பாலும் பாதிப் பக்கத்தை அவர்களே அடித்துவிடுகிறார்கள்.