டிங்-டாங் போட்டியும் சொல்தா தாத்தாவின் தம்-தம்மும்

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலீஷ் வர்ணனைதான். வர்ணனை செய்தவர் இரண்டு அணிக்கும் நடுவே இது ஒரு 'டிங்-டாங்' போட்டி என்றார். பையன் உடனே திரும்பி, "அப்பா, டிங்-டாங்னா மணி அடிக்கிறதுதானே? இங்க யாரு மணி அடிச்சாங்க?" என்று கேட்டான். விளம்பரம் வரட்டும், சொல்கிறேன் என்றேன். விளம்பரம் வந்தது, போனது, நான் வாயைத் திறக்கவில்லை. தெரிந்தால்தானே!

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை பாண்டியில். தினமும் போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸிலேயே கழிவதால் இந்த மாதிரி உபயோகமில்லாத விஷயங்களை யோசிக்க எனக்கு நேரம் நிறைய உண்டு. மறுநாள் ஆல்பேட்டை பாலம் தாண்டுவதற்குள் டிங்-டாங் பிடிபட்டுவிட்டது. மணியில் ஒரு அடி டிங், அடுத்த அடி டாங், மறுபடி டிங். மாறி மாறி விழுகிற அடி. அதையே இரண்டு ஆள் மாறி மாறி அடித்துக்கொள்வதற்கு வைத்துவிட்டார்கள். விட்டுக்கொடுக்காத போட்டிக்கும் அதுதான் பெயர், இங்கிலாந்தில் புருஷன் பெண்டாட்டி குரல் தெரு வரை கேட்டால் அதுவும் ஒரு டிங்-டாங்தான். மணி போய்விட்டது, அடி மட்டும் மிச்சம்.

பிங்-பாங்கும் அப்படித்தான். தோல் இழுத்துக் கட்டிய மட்டையில் பந்து பட்டால் பிங், மேஜையில் பட்டால் பாங். 1900 வாக்கில் லண்டனில் ஒரு விளையாட்டுச் சாமான் கம்பெனி இந்த ஓசையையே வணிகப் பெயராகப் பதிவு செய்துகொண்டது. அந்தப் பெயரைக் கம்பெனி பிடித்துக்கொண்டதால்தான் மற்றவர்கள் டேபிள் டென்னிஸ் என்ற பெயரோடு போக வேண்டியிருந்தது. இன்றைக்கு இங்கிலீஷில் ஒருவரை இங்கும் அங்கும் அலைக்கழித்தால் பிங்-பாங் ஆடினார்கள் என்கிறார்கள். நாமும் சொல்கிறோமே, 'பந்தாடிவிட்டார்கள்' என்று! போன வருஷம் ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் மூன்றாம் கவுன்டருக்கும் ஏழாம் கவுன்டருக்கும் நடுவே நான் ஒரு வாரம் பந்தாகக் கிடந்தேன். பிங் மூன்றில், பாங் ஏழில்.

அப்புறம் ஃப்ளிப்-ஃப்ளாப். டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் படித்தவனுக்கு இந்த வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைப் பிசையும், இரண்டே நிலை, ஒன்று அல்லது பூஜ்யம், ஒரு தட்டு தட்டினால் இதிலிருந்து அதற்குப் போய் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும் சர்க்யூட். எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற இரண்டு பேர் 1918-இல் செய்தது. ஆனால் வார்த்தை சர்க்யூட்டுக்கு முந்தையது. தளதளவென்று எதுவோ அடித்துக்கொள்ளும் ஓசை, உடம்பைப் புரட்டிப்போட்டு அடிக்கிற குட்டிக்கரணம் எல்லாம் அதிலேயே அடக்கம். ரப்பர் செருப்புக்கும் அதுதான் பெயர். சில்வர் பீச்சில் ஈரக்காலோடு ஹவாய் செருப்பு போட்டு நடந்து பாருங்கள், ஏன் என்று செருப்பே சொல்லும். கடைசியில் நேற்று ஒன்று இன்று ஒன்று பேசுகிற அரசியல்வாதிக்கும் ஃப்ளிப்-ஃப்ளாப். 2004 அமெரிக்க அதிபர் தேர்தலில் வேட்பாளர் ஜான் கெர்ரியை இந்த ஒரே வார்த்தையால் துரத்தித் துரத்தி அடித்தார்கள். நமக்கு அதுவே 'பல்டி'. குட்டிக்கரணம் அடிக்கிறவனையும் கட்சி மாறுகிறவனையும் ஒரே சொல்லில் கட்டிப்போட வேண்டும் என்று இவர்களும் அவர்களும் பேசி வைத்துக்கொண்டா செய்தார்கள்?

ஒன்று கவனித்தீர்களா, டிங்-டாங், டிக்-டாக், பிங்-பாங், ஃப்ளிப்-ஃப்ளாப், எல்லாமே 'இ'யில் தொடங்கி வாயைத் திறந்து முடிகிறது. இதைத் திருப்பிப் போட்டு டாக்-டிக் என்று சொன்னால் இங்கிலீஷ்காரனுக்குக் கல்லைக் கடித்தாற்போல இருக்கும். நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சலசல, கடகட, மொறுமொறு என்று இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருக்க வேண்டும். 'காபி கீபி', 'பஸ் கிஸ்' என்பது வேறு ஜாதி, அதில் 'கி' இரண்டாவதாகத்தான் வரும். யாராவது வீட்டுக்கு வந்தால் "கீபி காபி சாப்பிடுறீங்களா" என்று கேட்டுப் பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா பிரம்பை மேஜையில் தட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்த தொல்காப்பிய வரி எனக்கு இன்னும் மறக்கவில்லை, 'இரட்டைக் கிளவி இரட்டின் பிரிந்து இசையா'. சலசல-வைப் பிரித்தால் 'சல' அநாதை. இங்கிலீஷில் அநாதையே கிடையாது, டிங் தனியாக வாழும், டிக் தனியாக வாழும், பிங் ஒருபடி மேலே போய் ஆபீஸ் நடத்தும். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் இன்னொரு கம்ப்யூட்டர் விழித்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்க ஒரு சின்ன புரோகிராம் எழுதி, நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனாரின் ஓசையை நினைத்து அதற்கு பிங் என்று பேர் வைத்தார். இப்போது எங்கள் மேனேஜர் ராத்திரி பத்து மணிக்கு "ஃப்ரீயானா பிங் பண்ணுங்க" என்கிறார். நீர்மூழ்கி நான்தான்.

நம்முடையவை பிரியாது, ஆனால் வால் முளைக்கும். சலசல இலை ஓசை, 'சலசலப்பு' என்றால் கட்சிக்குள் தகராறு. பரபர-வுக்கு வால் வைத்தால் செய்தி சேனலின் 'பரபரப்பு'. கிசுகிசு-வுக்கு வால்கூட வேண்டியதில்லை, காதோடு பேசுகிற ஓசை அப்படியே சினிமாப் பத்திரிகையின் ஒரு பக்கமாகிவிட்டது. தொணதொண பற்றி வீட்டில் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதவில்லை. நம்மிடம் இன்னொரு பாதையும் உண்டு: ஓசை வேகமாவது. கடகடவென்று ஒப்பித்தான், மளமளவென்று கட்டினான், சரசரவென்று நடந்தான். ஒப்பிப்பதில் எங்கே கடகடப்பு? ஆனால் கேட்கிறவனுக்கு வண்டி ஓடும்.

சரசர-வுக்கு பிரெஞ்சில் ஒரு தங்கச்சி உண்டு, ஃப்ரூ-ஃப்ரூ, பட்டுப் பாவாடை உரசும் ஓசை. இங்கிலீஷ்காரர்கள் அதைக் கடன் வாங்கி, லேஸும் ரிப்பனும் அளவுக்கு மீறித் தொங்குகிற எதற்கும் வைத்துக் கேலி செய்கிறார்கள். எனக்கு இதில்தான் சந்தேகம் தட்டியது. இந்த வார்த்தைகள் பொருள் மாறும்போது ஏன் இப்படிக் கேலிப் பக்கமாகவே சாய்கின்றன? மரியாதைப் பக்கம் போனது ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. ஓசையைச் செய்து காட்டுவதே ஒருவிதத்தில் பழிப்புக் காட்டுவதுதான் என்று தோன்றுகிறது. அதையும் இரண்டு தரம் செய்தால் சின்னப் பிள்ளைகள் வாயைக் கோணிக்கொண்டு நாம் பேசுவதைத் திருப்பிச் சொல்லுமே, அது.

மொழி ஆராய்ச்சியாளர் மாக்ஸ் முல்லர் கதை இதற்குப் பொருத்தம். 1861-இல் லண்டனில் மொழி பற்றிச் சொற்பொழிவு ஆற்றியபோது, மனிதன் மிருகங்களின் சத்தத்தைப் போலச் செய்துதான் பேசக் கற்றான் என்ற கருத்தை 'பௌ-வௌ' கொள்கை என்றார், நம் கணக்கில் 'லொள் லொள்' கொள்கை. ஆ, ஊ, சீ போன்ற உணர்ச்சிக் கூவலில் பிறந்தது பேச்சு என்றவர்களுக்கு 'பூ-பூ' கொள்கை. பூ-பூ என்றால் இங்கிலீஷில் ப்பூ, இவ்வளவுதானா என்று தள்ளிவிடுவது. சரி, ஐயாவின் சொந்தக் கொள்கை என்ன? எதைத் தட்டினாலும் அதற்கென்று ஒரு நாதம் எழும், மனிதனும் அப்படித்தான், அவனிடம் எழுந்த நாதம்தான் பேச்சு என்றார். மற்றவர்கள் சும்மா விடுவார்களா, அதற்கு 'டிங்-டாங்' கொள்கை என்று பேர் வைத்துவிட்டார்கள். பிற்பாடு அவரே அதைக் கைவிட்டார்.

இதில் ஆகப் பழையது எங்கள் பஸ் வழியிலேயே கிடக்கிறது. அரியாங்குப்பம் பக்கத்தில் அரிக்கமேடு, 1945-இல் தொல்லியல்காரர் மார்ட்டிமர் வீலர் தோண்டி ரோமானிய மது ஜாடித் துண்டுகளைக் கண்ட இடம். ஜாடி வந்த சீமைப் பக்கத்துக் கிரேக்கர்களுக்கு வேற்று மொழிப் பேச்சு 'பர் பர்' என்று கேட்டதாம், அப்படிப் பேசுகிறவன் 'பார்பரோஸ்', அதுதான் இங்கிலீஷில் நாகரிகமில்லாதவன் என்று பொருள்படும் பார்பேரியன் ஆனது. நம்மவர்கள் சளைத்தவர்களா? பதிற்றுப்பத்துப் பதிகம் ஒன்று அவர்களை 'வன்சொல் யவனர்' என்கிறது. பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் கரையில் இரண்டு பேர் ஜாடியை நடுவில் வைத்துக்கொண்டு, இவன் என்ன பாஷை பேசுகிறான் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் முகம் சுளிப்பது மாதிரி எனக்குத் தெரியும்.

இங்கிலீஷ் நம்மைவிடப் பின்தங்கிய இடமும் ஒன்று உண்டு. நாம் ஓசை இல்லாததற்கும் இரட்டைக்கிளவி வைத்திருக்கிறோம். பளபள, மினுமினு, கமகம. நகையிலிருந்து எந்தச் சத்தமும் வராது, ஆனாலும் பளபள என்றால் கண் கூசுகிறது. இங்கிலீஷில் இதற்குச் சரியான வார்த்தை வர 1990-கள் ஆக வேண்டியிருந்தது, அமெரிக்க ராப் பாடகர்கள் மூலமாக, 'பிளிங்-பிளிங்'. வைரத்தில் விளக்கு பட்டால் கேட்கும் என்று கற்பனை செய்துகொண்ட ஓசை. வந்ததும் வழக்கம்போல ஒன்றைப் பிய்த்து எறிந்துவிட்டு வெறும் பிளிங் ஆக்கினார்கள், அதுவும் கேலிக்கே போய்விட்டது.

இதையெல்லாம் ஆபீஸ் பக்கத்துத் தெருவில் இருக்கிற சொல்தா தாத்தாவிடம் சொன்னேன். சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், வயது எண்பதுக்கு மேல். சிரித்துவிட்டு, "தம்பி, தம்-தம் விட்டுட்டியே" என்றார். நம் ஊர்ப் பறையோசையைக் கேட்டு வெள்ளைக்காரர்கள் டாம்-டாம் என்றார்கள், பிரெஞ்சில் அது தம்-தம். 'தம்-தம் செய்வது' என்றால் பிரெஞ்சில் ஊரைக் கூட்டி விளம்பரம் பண்ணுவது. இந்தியாவில் இங்கிலீஷ் பேப்பர்களும் தற்பெருமையை டாம்-டாம் என்றே எழுதும். தமிழில் சொல்லவே வேண்டாம், தம்பட்டம் முதலில் மேளம், அப்புறம்தான் பெருமை. மூன்று பாஷையிலும் ஒரே மேளம், ஒரே புத்தி என்றார் தாத்தா.

சொல்லிவிட்டு ஃபோனை எடுத்து, பேரன் பாரிஸ் பக்கம் வாங்கியிருக்கிற வீட்டைக் காட்டினார். சமையலறை, மாடிப்படி, கார் நிறுத்துமிடம், பக்கத்து வீட்டு நாய். ஐந்தரை பஸ்ஸை விட்டு ஆறேகால் பஸ்ஸில்தான் வீடு திரும்பினேன்.